மூன்றாவது வசனம்

ஆதாமில் தொடங்கியாயிற்று, இனி மூன்று அதிகாரம் முடிகிற வரைக்கும் வேறு ஒரு வார்த்தை பேச முடியாது என்று நினைத்தபடியே ஜெபக்கனி தன் வசனத்தை வாசித்தாள். மூன்றே மூன்று பெயர்கள். அதற்கு முன்னால் வேதமாணிக்கம் வாசித்த முதல் வசனத்திலும் மூன்றே பெயர்கள்தான். அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மூன்றாவது வசனத்தையும் வாசித்தாள், அதன் பிறகு நான்காவதை அவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் இரண்டே பேர். ஒற்றைப்படை அவருக்கு, இரட்டைப்படை அவளுக்கு என்று போனால் சண்டை இல்லாத பங்கு. அப்படிப் போவதில்லை. அவருக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு, மறுபடி அவருக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு. புதிதாக யாராவது வந்து உட்கார்ந்து கேட்டால் வேதமாணிக்கம் மனைவியை வேலை வாங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். யாரும் வருவதில்லை. பியூலா இருந்தபோது போட்ட முறை அது. அப்பா ஒன்று, அம்மா இரண்டு, மகள் மூன்று, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய ஆறாவது வயதிலிருந்து மூன்றாவது வசனம் அவளுடையது. அவள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது. போன அன்றைக்கு அவள் வசனத்தை ஜெபக்கனி வாசித்தாள், மறுநாளும் வாசித்தாள், அப்படியே இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கவனிக்கவே இல்லை போலிருக்கிறது, கவனித்திருந்தால் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற மனுஷன் சும்மா இருப்பாரா.

நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். கடைசி ஒன்பது வருடம் ஃபோர்மேன். வேதத்தையும் மெஷின் மாதிரியே ஓட்டுவார். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து, ஜனவரி ஒன்றாம் தேதி தொடங்கினால் டிசம்பர் முடிவதற்குள் புத்தகம் முடிந்துவிடும், மறுபடியும் ஆதியிலிருந்து. காய்ச்சல் என்றாலும் வாசிப்பு உண்டு, சாவு வீட்டுக்குப் போய் வந்த அன்றும் உண்டு. சாயர்புரம் கோயிலில் சபை குருவான ஐயரே ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லிக் காட்டினார், வேதமாணிக்கம் வீட்டில் காலண்டரில் தேதி பார்க்க வேண்டாம், எந்த ஆகமம் ஓடுகிறது என்று கேட்டால் போதும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஏப்ரல் நடுவில் நாளாகமம் வந்துவிடும். வெயிலும் பெயர்களும் ஒன்றாக வரும். முழங்கால் வலி என்பதால் அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவள் பாயில். அவளுக்கு வலப்பக்கம், வாசலை ஒட்டி, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே பாய் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மின்விசிறி மூன்றில் ஓடியும் கழுத்தெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டில் யாரோ நெத்திலி வறுக்கிறார்கள். இடது காலை மடித்து உட்கார்ந்திருந்ததால் பாதத்தில் மெல்ல மரப்பு ஏறத் தொடங்கியிருந்தது, தினமும் ஏறுவதுதான். முதல் அதிகாரத்தில் பாதம், இரண்டாவதில் கெண்டைக்கால், மூன்றாவது முடிந்து ஜெபத்துக்குத் தலையைக் குனியும்போது முழங்கால் வரைக்கும் யாருடைய காலோ. அசைத்து உட்காரலாம், அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏனோ அவள் அசைப்பதில்லை.

இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு போன் வந்தது. வேதமாணிக்கம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். இரண்டு வருடத்தில் பியூலா பேசியது நான்கு தடவை, இது ஐந்தாவது. மகளுக்கு இது ஒன்பதாவது மாதம் என்பது ஜெபக்கனிக்குத் தெரியும். பிரஷர் கூடிவிட்டதாம், கால் வீங்கிவிட்டதாம், இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லி, நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன், இன்றைக்குச் சாயங்காலமே தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவாளாம். மாமியார் இல்லாத வீடு, நாத்தனார் இருக்கிறாள், அவளுக்கும் கைப்பிள்ளை. எல்லாவற்றையும் பத்திரிகை வாசிப்பது போலச் சொன்னாள். அப்பனைப் போலத்தான், அழுகிற விஷயத்தைச் சொல்லும்போது குரல் இன்னும் தட்டையாகிவிடும். ஜெபக்கனி ராத்திரி எட்டுப் பத்து பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறேன், அப்பாவிடம் நாசரேத் சித்தி வீட்டுக்கு என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பியூலா சொன்னாள், "ஒளிஞ்சி மட்டும் வராதம்மா. அப்பாட்ட கேட்டுட்டு வா. இல்லேன்னா வரவே வேண்டாம்." அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இன்றைக்கு நாளாகமம் ஆரம்பமல்லவா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஜெபக்கனி. மூன்று அதிகாரத்தையும் முடித்த பிறகு கேள், நடுவில் கேட்டால் அப்பா பதில் சொல்லமாட்டாவ என்று சொல்லிக் கொடுத்தாள். அங்கே தான் கட்டிக்கொண்ட மைக் செட்டுக்காரன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பிள்ளை எந்த அதிகாரம் என்று எப்படிச் சொல்லுகிறாள் என்று போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே புதைத்து வைத்திருந்த கருப்பட்டிப் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்து வைத்த பை இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகு போய் முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

வேதமாணிக்கம் நிறுத்தினார். அவள் பங்கு. விரல் வைத்திருந்த இடத்திலிருந்து வாசித்தாள். அது அல்ல, அதற்கு முந்தினது, என்று அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அவள் திரும்பி வாசித்தாள், பிறகு மூன்றாவதையும் வாசித்தாள். பெயர்களில் இது ஒரு வசதி, எங்கே போனாய் என்று அவை கேட்பதில்லை. வாய் பாட்டுக்கு ஓடும். பியூலா போன அன்றைக்கும் வாய் பாட்டுக்கு ஓடியது. நியாயாதிபதிகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பியூலா கல்லூரி ஆபீசில் வேலை முடிந்து வரத் தாமதமாகும் என்று சொல்லியிருந்ததால் இருவர் மட்டும் தொடங்கிவிட்டார்கள். வாசல் கம்பிக்கதவு சத்தம் கேட்டது. வந்து உட்காருவாள் என்று பார்த்தால் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள், கையில் அந்த நீல டிராவல் பை. "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். வேதமாணிக்கம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை மட்டும் தூக்கினார், உள்ளங்கை வெளியே தெரிய, இரு என்பது போல. மில்லில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிப் பழகியவர். "அதிகாரம் முடியட்டும்," என்றார். வேத வாசிப்பின் நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது, அது அவருடைய அப்பா காலத்திலிருந்து வீட்டில் உள்ள சட்டம், பாம்பு வந்தாலும் அதிகாரம் முடிந்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று பியூலாவே கேலி செய்வாள். அவர் தன் வசனத்தை வாசித்தார். அடுத்தது ஜெபக்கனியின் பங்கு. அவள் மகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் குனிந்து தன் வசனத்தை வாசித்தாள். அடுத்தது பியூலாவின் வசனம். சத்தமில்லை. நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை, கம்பிக்கதவு திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் காத்துக்கொண்டிருந்தார், விரல் வரியில் இருந்தது. அவள் மகளுடைய வசனத்தையும் வாசித்தாள். அதிகாரம் முடிந்தது, அடுத்த இரண்டு அதிகாரங்களும் முடிந்தன, ஜெபமும் முடிந்தது. எழுந்து போய்ப் பார்த்தபோது தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். பியூலாவின் மேசையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது, அது காலையிலேயே வைத்ததாக இருக்க வேண்டும். அப்படியானால் எழுதி வைத்த பிறகும் நேரில் சொல்லத்தான் பிள்ளை வந்திருக்கிறாள்.

என்ன வசனம் அது. இரண்டு மார்ச் மாதம் அவள் தேடிவிட்டாள். அவர் இல்லாத நேரத்தில் நியாயாதிபதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக உதட்டில் வைத்துப் பார்த்தாள், இதுவா, இதுவா என்று. யுத்தங்கள், ஊர்ப் பெயர்கள், யாரோ யாரையோ துரத்திக்கொண்டு போகிறார்கள். எதுவும் நாக்கில் ஒட்டவில்லை. பெற்ற பிள்ளை வாசலில் பையோடு நிற்கும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு அந்த வசனத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தெரிந்தால் கோபமாவது வரும். வேதமாணிக்கம் மேல் கோபம் வந்திருக்கிறதா என்றால் இல்லை. அவர் எழமாட்டார், அவரால் எழ முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். கல் எழுந்து நடக்கவில்லை என்று யாரும் கல்லைக் கோபிப்பதில்லை. தன் கால் ஏன் எழவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. மரத்துப்போயிருந்ததா. அன்றைக்கு முதல் அதிகாரம்தானே ஓடிக்கொண்டிருந்தது, பாதம்கூட மரத்திருக்காது. அதற்குப் பிறகு அழுகை வரும் வரும் என்று சில நாள் காத்திருந்தாள். தூய்மைப் பணிக்கு வரும் சுடலி வந்து கட்டிக்கொண்டு அழுதாள், சபைச் சேகரத்துப் பெண்கள் வந்து ஆளுக்கொரு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள், ஐயரம்மா வந்து அழுதாள். அவளுக்கு மட்டும் வரவில்லை. வராமலே பழகிவிட்டது. சோறு பொங்கினாள், கறி வைத்தாள், கோயிலுக்குப் போனாள், மாதர் சங்கத்துக்கு முறுக்கு சுற்றிக் கொடுத்தாள். முறுக்கு நன்றாகத்தான் வந்தது.

ஏதோமின் ராஜாக்கள் வந்து வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மரிக்கிறான், இன்னொருவன் அவன் இடத்தில் பட்டத்துக்கு வருகிறான், அவனும் மரிக்கிறான். ஒன்று அவர், இரண்டு அவள். இது முடிந்தால் ஒரு இடைவெளி வரும், அவர் செம்பிலிருந்து ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பார். அந்த இடைவெளியில் கேட்டுவிடலாம். அது நடுவில் ஆகாது, அதிகாரத்துக்கும் அதிகாரத்துக்கும் இடையில் உள்ளது வாசிப்பா வாசிப்பு இல்லையா. எட்டுப் பத்துக்குப் பஸ். மூன்றும் முடிந்து ஜெபமும் முடிய ஏழே முக்கால் ஆகும். ஜெபத்தில் அவர் மிஷனரிகளுக்கு, ஆளுகிறவர்களுக்கு, மழைக்கு, எல்லோருக்கும் மன்றாடிவிட்டு வீட்டாருக்கான ஜெபத்துக்கு வர எட்டாகிவிட்டால் என்ன செய்வது. பிரஷர் கூடினால் ஜன்னி வரும் என்பார்களே. கோரம்பள்ளத்து அன்னக்கிளி அப்படித்தான் போனாள், பிள்ளை பிழைத்தது, அவள் போனாள். அதை நினைத்தும் யாருடைய மகளைப் பற்றியோ யாரோ சொல்வது போலத் தூரத்தில் இருந்தது. பியூலா பிறந்தபோது கொடி சுற்றியிருந்தது, இரண்டு நாள் வலி, அந்த வலிகூட இப்போது ஞாபகமாக இருக்கிறதே தவிர வலியாக இல்லை. சேலைக்கு மேலாகத் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் தெரிந்தது. அதிகாரத்தின் கடைசி வசனம் வந்தது. ஐம்பத்து நான்கு, மூன்றால் வகுத்தால் மிச்சமில்லை, மகளுடையது. வாசித்து முடித்தாள். அவர் செம்பைத் தூக்கினார், குரல்வளை ஏறி இறங்கியது. இப்போது. இங்கேருங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் செம்பைக் கீழே வைத்தார், உதட்டைத் துண்டால் துடைத்தார், "ரெண்டு," என்றார். தொடங்கிவிட்டார். போயிற்று.

இரண்டாவது அதிகாரத்துக்குக் கெண்டைக்கால். இஸ்ரவேலின் பிள்ளைகள், யூதாவின் பிள்ளைகள். அப்பன் பெயர், மகன் பெயர், அவன் மகன் பெயர். பெண்கள் வந்தாலும் ஒரு ஓரமாக வந்துவிட்டுப் போனார்கள், யாருக்கோ சகோதரியாக, யாருக்கோ மறுமனையாட்டியாக. பியூலாவின் புருஷன் இசக்கிராஜா முதன்முதலில் வீட்டுக்கு வந்தது, கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குத்தான், வந்தது என்றால் உள்ளே வரவில்லை. கோயிலைச் சுற்றி டியூப்லைட் கட்டி, மைக் செட் போட்டு, அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கிற பந்தலுக்கு ஒயர் இழுக்க வந்தவன். கமிட்டியில் வேதமாணிக்கம்தான் அவனுக்கு வேலை சொன்னார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தான், பியூலா கொடுத்தாள். அவன் நின்ற இடத்தில் நெற்றித் திருநீறு வேர்வையில் வழிந்து புருவத்தில் நின்றது ஜெபக்கனிக்கு ஞாபகம் இருக்கிறது, நல்ல பிள்ளை என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவன் ஏணியில் நின்று ஒயர் இழுக்கும்போது வேதமாணிக்கம் கீழே நின்று நேராகக் கட்டு, நேராகக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவனும் நேராகத்தான் கட்டினான். மூன்று அசனம் வந்தான். கடிதத்தை வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான், "அந்த வேலைக்காரப் பயலா?" அதற்கு மேல் அவனைப் பற்றியும் பேச்சில்லை, அவளைப் பற்றியும் பேச்சில்லை. கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது என்று யாரோ வந்து சொன்னபோது வேதமாணிக்கம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், விட்டு முடித்தார். பியூலா என்ற பெயர் இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்பட்டு இரண்டு வருடம் ஒரு மாதம். இங்கே இந்தப் புத்தகத்தில் எத்தனை பெயர்களை வாசிக்கிறோம், யாரென்று தெரியாத செத்துப்போன ஆட்களின் பெயரையெல்லாம் தப்பில்லாமல் உச்சரிக்கிறோம்.

அவர் தன் வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்காவது. சேசான் என்று ஒருவன், அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை, பெண்பிள்ளைகள்தான், அவனுக்கு எகிப்து தேசத்து வேலைக்காரன் ஒருவன் இருந்தான், பெயர் யர்கா. வேதமாணிக்கத்தின் குரல் எப்போதும் போல ஒரே மட்டத்தில் போய் நின்றது. அவள் கண் அடுத்த வரியில் விழுந்தது, வாய் பழக்கத்தில் வாசித்துவிட்டது, வாசித்த பிறகுதான் காதுக்குள் போனது. அந்தச் சேசான் தன் மகளைத் தன் வேலைக்காரனுக்கே கல்யாணம் பண்ணிக்கொடுத்தானாம், அவள் ஒரு மகனைப் பெற்றாளாம். அவ்வளவுதான் வசனம். ஜெபக்கனி விரலை எடுக்காமல் அதைத் திரும்ப ஒருமுறை மனதுக்குள் வாசித்தாள். இருபது வருடமாக இந்த வசனம் அவள் பங்குக்குத்தான் வந்திருக்கிறது, ஒவ்வொரு ஏப்ரலிலும் வாசித்திருக்கிறாள், பிள்ளை போன பிறகும் இரண்டு ஏப்ரல் வாசித்திருக்கிறாள், ஒருநாளும் கேட்டதில்லை. வேற்று தேசத்தான். வேற்று சாமி கும்பிட்டவனாகத்தான் இருப்பான். வேலைக்காரன். அவனுக்கு மகளைக் கொடுத்தான், ஊர் என்ன சொல்லிற்று, சபை என்ன சொல்லிற்று, ஒன்றும் எழுதவில்லை. இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எழுதவில்லை, ஆனால் அவள் பெற்ற பிள்ளையின் பெயர் இருக்கிறது, அவன் பிள்ளை, அவன் பிள்ளையின் பிள்ளை என்று அடுத்த ஆறு வசனத்துக்குக் கீழே கீழே இறங்கிப் போகிறது. வேதமாணிக்கமும் இதை வருஷா வருஷம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதிலும் விழவில்லையா. இப்போதும் விழவில்லையா. முப்பத்தாறு. அந்த வேலைக்காரனுடைய பிள்ளை யாரைப் பெற்றான் என்பது. முப்பத்தாறு மகளுடைய வசனம்.

வாயைத் திறந்தாள், மூடினாள். மின்விசிறி ஓடியது. அவர் காத்திருந்தார், விரல் அவருடைய வரியில், முப்பத்தேழில். ஒரு வசனம் வாசிக்கிற நேரம் போயிற்று, இன்னொரு வசனம் வாசிக்கிற நேரமும் போயிற்று. இடம் தப்பிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

"வாசி," என்றார்.

"அது பியூலா வசனம்லா," என்றாள் ஜெபக்கனி.

பெயர் வெளியே வந்துவிட்டது. அவள் எதிர்பார்த்தது போல ஒன்றும் நடக்கவில்லை, சுவரில் பல்லிகூட நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்ததால் கண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதை மத்தியானத்திலிருந்து எத்தனை விதமாகவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், முதலில் உடம்பு சரியில்லை என்று தொடங்கி, மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து. எல்லாம் மறந்து மிச்சம் இருந்ததை மட்டும் சொன்னாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். பிரஷர் கூடிப்போச்சாம். என்னைய வரச் சொல்லுதா. ஒங்கட்ட கேட்டுட்டுதான் வரணுமாம், இல்லேன்னா வர வேண்டாமாம்."

வேதமாணிக்கத்தின் வலது கை மடியிலிருந்து எழுந்தது, பாதி தூரம் வந்தது, உள்ளங்கை தெரியத் திரும்பியது. "அதிகாரம் முடியட்டும்," என்றார்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய," என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்தாள். அது அவ்வளவு லேசாக நடந்த காரியம் இல்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லவே இல்லை, தரையில் ஊன்றியதும் மடங்கியது, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே சுவரில் கை ஊன்றி நின்றாள், மகள் உட்காருகிற இடத்தில். முப்பது வருடத்தில் முதல் தடவை வாசிப்பின் நடுவில் எழுந்து நிற்கிறோம் என்ற நினைப்பு வந்தது, பயம் வரும் என்று பார்த்தாள், பயத்துக்கும் கால் மரத்திருந்தது போல. சுவரைப் பிடித்துக்கொண்டே உள் அறைக்குப் போனாள். கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்தாள். அரிசி டிரம்மிலிருந்து கருப்பட்டியை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு உள்ளே வைத்தாள். ஒரு மாற்றுச் சேலை, சோப்பு, தன்னுடைய சின்ன வேதப்புத்தகம் கூடத்துப் பாயில் கிடக்கிறது, அதைப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். கேட்கச் சொன்னாள், கேட்டாயிற்று. பதில் வாங்கி வரச் சொன்னாளா என்று யோசித்துப் பார்த்தாள். கேட்டுட்டு வா என்றால் சம்மதம் வாங்கிக்கொண்டு வா என்பதுதான், அது யாருக்கும் தெரியும். சம்மதம் இல்லாமல் போய் வார்டு வாசலில் நின்றால் அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிரஷர் உள்ள பிள்ளை. கூடத்தில் அவர் வாசிக்கத் தொடங்கினார்.

முப்பத்தேழு. அவருடையது. வாசித்துவிட்டு நிறுத்தினார். ஜெபக்கனி பையின் ஜிப்பில் கை வைத்தபடி நின்றாள். தொடர்ந்து வாசிப்பார், தனியாளாக எல்லாவற்றையும் வாசித்து அதிகாரத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று நினைத்தாள். வாசிக்கவில்லை. ஒரு வசனம் போகிற நேரம் அமைதி. அது அவளுடையது, முப்பத்தெட்டு. இன்னொரு வசனம் போகிற நேரம் அமைதி. பிறகு நாற்பதை வாசித்தார், நிறுத்தினார். மறுபடி அதே அளவு அமைதி, ஒன்று, இரண்டு. நாற்பத்து மூன்று. நிறுத்தினார். மெஷினில் நூல் அறுந்து சும்மா சுற்றுகிற கதிரையும் சேர்த்தே ஓட்டுவது போல, ஆள் இல்லாத இரண்டு இடத்துக்கும் அதனதன் நேரத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வசனத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போனார். ஆக, தெரிந்துதான் இருந்திருக்கிறது. இரண்டு வருடமாகத் தனக்கு மட்டும் தெரிந்த களவு என்று நினைத்து அவள் மூன்றாவது வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் எந்த நாளிலும் அதைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம், ஆளுக்கு ஒரு வசனம் என்று முறையை மாற்றிவிட்டு அந்தப் பிள்ளையின் இடத்தை மூடியிருக்கலாம். ஒருநாளும் எடுக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் தன் வசனத்தை முடித்துவிட்டு இரண்டு வசனத்துக்குக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்தவர் ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்றும் தோன்றியது. தோன்றியதை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து அவருடையது, அதோடு அதிகாரம் முடிந்தது. செம்பு எடுக்கிற சத்தம் கேட்டது.

அவள் பையோடு வெளியே வந்தபோது கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து. வேதமாணிக்கம் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார், விரல் ஒன்று உள்ளே இருந்தது. அவள் பாயிலிருந்து தன் வேதப்புத்தகத்தை எடுத்தாள். அவர் பையைப் பார்த்தார், அதில் கருப்பட்டி முட்டிக்கொண்டிருந்த இடத்தையும் பார்த்தார், மத்தியானமே எல்லாம் தெரிந்தவர் போல. ஆஸ்பத்திரி எது என்று கேட்பார் என்று நினைத்தாள், கேட்கவில்லை.

"மூணாம் அதிகாரத்த அங்க போய் வாசிங்க," என்றார். "இன்னைக்குள்ள முடிச்சிரணும்."

வாசிங்க என்றார், இரண்டு பேருக்கும் சேர்த்து, வாசி என்று சொல்லவில்லை. ஜெபக்கனி நின்றாள். மூன்றாம் அதிகாரம், இருபத்து நான்கு வசனம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள், பக்கத்தில் ஸ்டூலில் இவள். இரண்டாவது வசனம் இவளுக்கு, மூன்றாவது பியூலாவுக்கு, கடைசி வசனமும் பியூலாவுக்குத்தான் வரும். ஒன்றாவது யாருக்கு. இரண்டு வருடமாக இங்கே ஒரு வசனம் ஆளில்லாமல் இருந்தது, இப்போது அங்கே ஒரு வசனம் ஆளில்லாமல் இருக்கும். நீங்களும் வாங்க என்று சொல்லலாம். சொன்னால் கை எழும்பும். "மொத வசனம் ஒங்களுதுல்லா," என்றாள். "அத யாரு வாசிக்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துண்டின் நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், துடைத்ததை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அங்கே எதுவும் தெரியாது.

"என் வசனத்த யாரும் வாசிக்க வேண்டாம்," என்றார். "விட்டு வைய்யி."

அவள் செருப்பை மாட்டினாள். இடது பாதத்தில் இரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது, ஆயிரம் எறும்பு ஏறுவது போல விரலிலிருந்து முழங்கால் வரைக்கும் குத்திக்கொண்டு வந்தது. போகட்டும் என்று நிற்க நேரமில்லை, பஸ் நிறுத்தத்துக்கு நடையாகப் பதினைந்து நிமிஷம். கம்பிக்கதவைத் திறந்து, வெளியே வந்து, திரும்பிச் சாத்தினாள். தெருவிளக்குக்குக் கீழே ஒவ்வொரு அடியும் வலித்தது. கோயில் முனை திரும்பும்போது அழுதுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, துடைக்காமலே நடந்தாள்.